களியக்காவிளைக்கு வேண்டியது நடைவழி

நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம், குழித்துறை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர் களியக்காவிளை. எல்லை தாண்டினால் பாறசாலை. விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்த இந்தப் பேரூராட்சியின் கடைத்தெரு, சந்தை, பஸ் நிலையம், சோதனைச்சாவடி எல்லாம் அந்த ஒரே சாலையை நம்பியே இருக்கின்றன. இங்கே நெரிசல் என்று பேச்செடுத்தால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: சாலை குறுகல், இரு பக்கமும் இடித்து அகலப்படுத்த வேண்டும், முடிந்தால் மேம்பாலமும் வேண்டும். நடைபாதை, சைக்கிள் பாதை என்பதெல்லாம் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் உரியவை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எல்லார் வீட்டிலும் பைக் வந்துவிட்டது, மேடு பள்ளமான நிலம், ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம், வாசலில் வண்டி நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று காரணங்களும் அடுக்கப்படுகின்றன. கடைக்காரர்கள், வாகனம் வைத்திருப்போர், வாக்குக் கேட்டு வருவோர் என்று பலரும் இதில் அநேகமாக ஒரே குரலில் பேசுகிறார்கள். இந்தக் காரணங்களில் ஒன்றிரண்டில் பாதி உண்மை உண்டு. அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறானது.

முதலில் பார்க்க வேண்டியது, இந்தச் சாலையில் இருப்பவர்கள் யார் என்பதை. களியக்காவிளை மாற்றுப் பஸ் பிடிக்கும் ஊர். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து தமிழ்நாட்டு அரசு பஸ்ஸில் வருகிறவர் இங்கே இறங்கிக் கேரள அரசு பஸ் ஏறுகிறார். அங்கிருந்து வருகிறவர் இங்கே இறங்கித் தமிழ்நாட்டு பஸ் தேடுகிறார். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் சிகிச்சைக்குப் போகிற நோயாளிகள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், துணிக்கடையில் நிற்கும் பெண்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பலரும் இப்படி மாறி ஏறுகிறார்கள். இவர்களில் எவரும் நடக்காமல் இந்த ஊரைக் கடக்க முடியாது. பஸ் பயணி ஒவ்வொருவரும் பயணத்தின் இரு முனையிலும் பாதசாரிதான். ஆனால் ஊரின் போக்குவரத்தைப் பற்றிய பேச்சில் இவர்கள் கணக்கில் வருவதில்லை. நிற்கும் பைக்கும் நகரும் காரும் மட்டுமே போக்குவரத்தாக எண்ணப்படுகின்றன.

நடப்பவருக்குக் கிடைத்திருப்பது கழிவுநீர் ஓடையின் மேல் மூடிய கான்கிரீட் ஸ்லாப். அந்த ஸ்லாப்புகள் ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துவருவதில்லை. ஒன்று ஆடும், ஒன்று உடைந்து கம்பி நீட்டி நிற்கும், தூக்குவதற்காக வைத்த இரும்பு வளையம் காலை இடறும். அதன்மேல் கடையின் படி இறங்கியிருக்கும், விளம்பரப் பலகை நிற்கும், பைக் ஏறியிருக்கும். தலையில் மீன் சருவத்துடன் வரும் கடற்கரைப் பெண் ஒருத்தி இந்த ஸ்லாப்பில் பத்தடி தொடர்ந்து நடக்க முடியாது. கீழே இறங்கி, நிற்கும் வண்டிக்கும் ஓடும் வண்டிக்கும் இடையே நடப்பாள். பின்னால் ஹார்ன் அடித்தாலும் கழுத்தைத் திருப்ப அவளால் ஆகாது. தலையில் இருப்பது சுமை. அவளால்தான் நெரிசல் என்று வண்டியில் இருப்பவருக்குத் தோன்றும். நடக்க இடம் கொடுக்காததால் நடப்பவர் சாலைக்கு வருகிறார். அதனால் வண்டி நின்று போகிறது. அதைக் காரணம் காட்டி வண்டிக்கு இன்னும் இடம் கேட்கப்படுகிறது. பிரச்சினை இந்த வட்டத்தில்தான் இருக்கிறது.

குறுகலான சாலையில் நடைபாதைக்கு இடம் எங்கே என்ற கேள்விக்கு, குறுகலான சாலையில் காருக்கு இடம் எங்கே என்பதே சரியான எதிர்க்கேள்வி. அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகள் சங்கம் தன் தெரு வடிவமைப்புக் கையேட்டில் தரும் கணக்கு இது: பத்தடி அகலமுள்ள ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்தில் தனியார் வாகனங்கள் மூலம் 600 முதல் 1,600 பேர் வரை செல்ல முடியும், அதே அகலத்தில் சைக்கிளில் 7,500 பேர் வரையும் நடந்து 9,000 பேர் வரையும் செல்லலாம். இடம் குறையக் குறைய, குறைந்த இடத்தில் அதிகம் பேரைக் கடத்தும் முறைக்கே அதைக் கொடுக்க வேண்டும். அகலமான சாலை உள்ள ஊர் காருக்கு ஒரு தடத்தைத் தாரை வார்த்தாலும் சமாளித்துக்கொள்ளும், களியக்காவிளையால் முடியாது. 2006-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையும் சாலை இடத்தை வண்டிகளுக்கன்றி மனிதர்களுக்குப் பங்கிட வேண்டும் என்றே சொல்கிறது. இந்தியச் சாலை மாமன்றத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறி, தடையில்லாத நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடந்து செல்லத் தேவையான அகலம் அது. ஒரு கார் நிற்கப் பிடிக்கும் அகலத்தைவிட இது பெரிதல்ல.

அகலப்படுத்தினால் தீரும் என்பதற்கு வருவோம். எல்லைக்கு அப்பால் கேரள அரசு கரமனை முதல் களியக்காவிளை வரையிலான சாலையை 30.2 மீட்டருக்கு அகலப்படுத்தும் திட்டத்தைக் கையில் எடுத்தது. கரமனையில் தொடங்கிய வேலை பிராவச்சம்பலம், கொடிநடை என்று கட்டம் கட்டமாக நகர்ந்தது. பாலராமபுரத்தை நெருங்கும்போது நிலம் எடுப்பதே பெரும்பாடானது. கடைகளும் வீடுகளும் சாலையை ஒட்டி நெருங்கிய ஊர்களில் இது நடந்தே தீரும். இடிப்பது ஆண்டுக்கணக்கில் இழுக்கும்; இடிபடுவது ஊரின் கடைத்தெருவேதான். மேம்பாலத்துக்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். மார்த்தாண்டத்தில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு எஃகு மேம்பாலம் கட்டப்பட்டு 2019 மார்ச்சில் பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஊரில் வேலையில்லாத வண்டி மேலே போய்விடுகிறது, அது நன்மைதான். ஆனால் சந்தைக்கும் கடைக்கும் பஸ்ஸுக்கும் வருகிறவர் கீழேதான் இருக்கிறார். அவருக்கு நடைபாதை வரவில்லை. சாலையின் நடுவே தூண்கள் வந்தன.

கூடுதல் சாலை கூடுதல் வண்டியை அழைத்து வரும் என்பது போக்குவரத்துப் பொருளியலில் நெடுங்காலமாக அறியப்பட்டது. ஜில் துரந்தோன், மேத்யூ டர்னர் ஆகிய இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க நகரங்களில் சாலைத் தடங்களின் நீளம் எந்த விகிதத்தில் கூடியதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வாகனங்கள் ஓடிய தூரமும் கூடியது என்று காட்டியது. ஹூஸ்டன் நகரின் கேட்டி நெடுஞ்சாலை 2008 வாக்கில் சில இடங்களில் 26 தடங்கள் வரை அகலமானது. அடுத்த சில ஆண்டுகளிலேயே உச்சநேரப் பயணம் மறுபடியும் நீண்டது. 26 தடத்தில் தீராதது இன்னும் பத்தடி எடுத்தால் களியக்காவிளையில் தீரும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

எல்லாரிடமும் பைக் இருக்கிறது என்ற வாதம் வலுவானதாகத் தோன்றும். 2011 கணக்கெடுப்பில், வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலைகளில் இருந்த இந்தியர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் நடந்தும் 13 பேர் சைக்கிளிலும் வேலைக்குச் சென்றார்கள். காரில் சென்றவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர். பைக் பெருகியது அதன் பிறகும் தொடர்ந்தது என்பது உண்மை. ஆனால் வீட்டில் ஒரு பைக் இருந்தால் அது வேலைக்குப் போகும் ஆணோடு காலையில் கிளம்பிவிடுகிறது. வீட்டில் மிஞ்சும் முதியவருக்கும், பள்ளிப் பிள்ளைக்கும், உரிமம் இல்லாத பெண்ணுக்கும் பைக் இருந்தும் இல்லாததே.

இந்த மாவட்டத்தின் குடியிருப்பு அமைப்பும் இந்த வாதத்துக்கு எதிராகவே நிற்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழ்ந்தார்கள். மக்களில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தவர். சென்னைக்கு அடுத்தபடியாக மாநிலத்தில் நெருக்கமும் நகர்மயமும் மிகுந்த மாவட்டம் இதுதான். அதிலும் மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் ஊர் முடிந்து வயல் தொடங்கி அடுத்த ஊர் வருவது என்பது கிடையாது. தென்னையும் பலாவும் ரப்பரும் நிற்கும் விளைகளின் நடுவே வீடுகள் தொடர்ந்து வருகின்றன. பள்ளி, கோயில், சர்ச், ரேஷன் கடை, சந்தை என்று அன்றாடம் போக வேண்டிய இடங்கள் பெரும்பாலும் சில கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. சைக்கிளுக்கென்றே அளந்து வைத்தது போன்ற தூரம் இது.

தமிழ்நாடு அரசு 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் வழங்கத் தொடங்கியது. 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு படிக்கும் எல்லா மாணவர்களுக்கும் அது விரிந்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான சைக்கிள்களை வாங்கிக் கொடுக்கும் அரசு, அவை ஓட ஒரு முழம் பாதை போட்டுக் கொடுக்கவில்லை. கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக் கேரளத்துக்கு விரையும் டாரஸ் லாரியின் பக்கத்தில் பதினாறு வயதுப் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பப் பெற்றோர் தயங்குவது இயல்பு. சைக்கிள் திண்ணையில் துருப்பிடித்தால், பிள்ளைகளுக்கு சைக்கிளில் நாட்டமில்லை என்று சொல்லிவிடுகிறோம். இந்த முடிவு பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் அநீதி. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது பல்லாயிரம் கிராமப் பெண்கள் ஏறி ஓட்டினார்கள். கல் குவாரித் தொழிலாளிகளும் ஆசிரியைகளும் அங்கன்வாடி ஊழியர்களும் அவர்களில் இருந்தார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு தந்தார். கேலியும் கிண்டலும் வந்தும் அந்தப் பெண்கள் இறங்கவில்லை. வாய்ப்புக் கிடைத்த இடத்தில் நாட்டம் வந்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

மேடு பள்ளம் என்பதில் பாதி உண்மை உண்டு. குழித்துறை ஆற்றைத் தாண்டி மேற்கே வருகிற சாலை ஏறியும் இறங்கியும்தான் வருகிறது. கியர் இல்லாத இரும்பு சைக்கிளில் சுமையோடு ஏற்றம் மிதிப்பது கடினம். அதற்கு விடை கியர் சைக்கிளும் பேட்டரி சைக்கிளும். அரசு கொடுக்கும் சைக்கிளின் தரத்தை மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு ஏற்ப மாற்றினாலும் போதும். மழை பற்றிய வாதத்தில் அந்தப் பாதி உண்மையும் இல்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் இந்த ஊரில் குடை இல்லாத வீடு கிடையாது. மழையில் நடக்க இங்கே எவருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டாம். அவர்களைத் தடுப்பது வானத்திலிருந்து விழும் நீரைவிட, ஓடை அடைத்து முழங்கால் வரை சாலையில் ஓடும் நீர்தான். மூடியும் சரிவும் ஒழுங்காக அமைந்த நடைபாதை வடிகாலையும் ஒழுங்காக்கும். இரண்டும் ஒரே வேலை. மதுரையோ திருநெல்வேலியோ போல வெயில் கொளுத்தும் ஊரும் அல்ல இது. மரநிழல் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. சாலை அகலப்படுத்தும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த நிழல்தான்.

நடைபாதையும் சைக்கிள் பாதையும் வெளிநாட்டுச் சரக்கு என்பது எல்லாவற்றிலும் மோசமான வாதம். இந்த மண்ணின் வரலாற்றை மறந்தவர்களே அதைச் சொல்ல முடியும். 1956 நவம்பர் 1 வரை களியக்காவிளை திருவிதாங்கூரிலும் பின்பு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. திருவிதாங்கூரின் பழைய வழிகள் நடப்பவருக்காகப் போடப்பட்டவை. தலைச்சுமைக்காரர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கிவைத்து மறுபடியும் தலைக்கு ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நட்டார்கள். இளைப்பாற வழியம்பலங்கள் கட்டினார்கள். அந்தக் கற்களில் சில இன்னும் சாலையோரங்களில் நிற்கின்றன. இன்றைய நெடுஞ்சாலை வரைபடத்தில் மீன்சுமைக்காரிக்கு அப்படி ஒரு கல்லுக்குக்கூட இடமில்லை.

அந்த வழிகள் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியார் பொதுவழியில் நடப்பதே குற்றமாக இருந்த நாடு திருவிதாங்கூர். 1893-இல் அய்யன்காளி தம் ஊரான வெங்ஙானூர்ப் பக்கத்தில் வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். தாக்க வந்தவர்களையும் மீறிப் போனார். வைக்கத்தில் மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய சத்தியாக்கிரகம் 1925 நவம்பர் வரை நடந்தது. பெரியார் அங்கே சிறை சென்றார். அதை ஆதரித்து டாக்டர் எம். எம்பெருமாள் நாயுடு தலைமையில் 1924 நவம்பரில் ஓர் அணி நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் வரை நடந்தே சென்றது. 1926-இல் சுசீந்திரம் தெருக்களுக்காக அதே நாயுடு சத்தியாக்கிரகம் தொடங்கினார். வழியில் நடப்பது மனிதனின் உரிமை என்று அடிபட்டு நிலைநாட்டிய நாட்டில், நடைபாதை என்பது ஆம்ஸ்டர்டாமில் இருந்து இறக்குமதியான எண்ணம் என்பது அந்தப் போராட்டக்காரர்களை மறந்த பேச்சு. சாதி தடுத்த தெருவில் இன்று வண்டி தடுக்கிறது. இரண்டும் ஒரே அளவு கொடுமை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தடுக்கப்படுவோரில் ஏழைகளும் முதியோரும் உடல் ஊனமுற்றோரும் பெண்களுமே அதிகம் என்பதைக் கண்ணால் காணலாம்.

வெளிநாடுகளும் பிறக்கும்போதே நடப்பவருக்கு இடம் கொடுத்துப் பிறந்தவை அல்ல. நெதர்லாந்தில் 1971-இல் மட்டும் சாலையில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். குழந்தைக் கொலையை நிறுத்து என்ற முழக்கத்துடன் பெற்றோர் தெருவுக்கு வந்த பிறகே அந்நாடு திசைமாறியது. 1977-இல் க்ரோனிங்கன் நகரம் மையப்பகுதியை நான்காகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் கார் நேராகப் போக முடியாதபடி செய்தது. களியக்காவிளைக்கு இன்னும் பொருத்தமான ஊர் ஸ்பெயினின் பொந்தேவேத்ரா. மழைக்குப் பேர்போன கலீசியாவில், ஏறத்தாழ 80,000 பேர் வாழும் சிறுநகரம் அது. மிகெல் அன்ஷோ ஃபெர்னாந்தெஸ் லோரெஸ் 1999-இல் மேயரானதும், ஊரை வெறுமனே கடந்து செல்லும் கார்களையும் நிறுத்த இடம் தேடிச் சுற்றும் கார்களையும் மையத்திலிருந்து நீக்கினார். சரக்கு வண்டிக்கும் நோயாளியைக் கொண்டுவரும் காருக்கும் தடையில்லை. கடைத்தெரு செத்துவிடவில்லை, மக்கள் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள்.

வியாபாரிகளின் அச்சம் மதிக்கத்தக்கது. அவர்கள் பிழைப்பு அது. ஆனால் வாசலில் நிற்கும் வண்டிதான் வாடிக்கை என்பது பார்வைப் பிழை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்த ஆய்வில், தங்கள் வாடிக்கையாளரில் 41 விழுக்காட்டினர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் வந்தவர்கள் 22 விழுக்காடு. நடந்து வந்தவர்கள் பாதிக்கும் மேல். பஸ் மாறும் ஊரான களியக்காவிளையில் நடந்து வருவோரின் பங்கு இன்னும் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு. ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துப் பேர் நின்று வாழைத்தாருக்கு விலை பேச முடியும். பெரும்பாலான நேரம் அந்த இடத்தைப் பிடித்திருப்பது கடைக்காரரின் சொந்த வண்டி என்பதும் கடைத்தெருவில் பரவலாக அறிந்த செய்தி. சென்னை பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கிய வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. கடைகள் அங்கேயேதான் இருக்கின்றன. நடைபாதை வந்தால் தெருவோர வியாபாரிகளை விரட்ட வேண்டும் என்பதும் இல்லை. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கி முறைப்படுத்தச் சொல்கிறது. நடக்கும் அகலத்தை விட்டு ஓர் ஓரமாக அவர்கள் இருப்பது தெருவுக்குப் பாதுகாப்பும் கூட.

பாதசாரி கவனமில்லாமல் குறுக்கே வருவதுதான் விபத்துக்குக் காரணம் என்ற பேச்சையும் விட்டுவிட முடியாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றவர்கள் 32,825. சைக்கிளில் சென்றவர்கள் 4,836. இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள் 74,897. கூட்டினால் மூன்றில் இரண்டு பங்கு. தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,884 பேர் இறந்தார்கள். இத்தனை பேரும் கவனமற்றவர்கள் என்பது நம்பத்தக்கதல்ல. கொல்வது வேகம். சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி மோதியவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார். அதற்கு மேல் போகப் போக அந்த வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. மனிதர் நடமாடும் தெருக்களில் 30-ஐ உச்ச வரம்பாக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடு அறிவித்தது. கடைத்தெருவில் சாலையை அகலமாக்கினால் வேகம் கூடும். சாகிறவர் எண்ணிக்கையும் கூடும்.

கடைசியாக எஞ்சுவது, இது யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி. தேசிய நெடுஞ்சாலை ஆதலால் பேரூராட்சி ஒன்றும் செய்ய முடியாது என்பார்கள். கேரளப் பகுதியில் கழக்கூட்டம் முதல் காரோடு வரை புறவழிச்சாலை கட்டப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டுப் பகுதியில் காரோடு முதல் கன்னியாகுமரி வரையான நான்குவழிச் சாலை, குளங்கள் குறுக்கிட்டும் மண் கிடைக்காமலும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அது முடிந்தால் தொலைதூர வண்டிகளுக்கு ஊருக்குள் வேலையிருக்காது. புறவழிச்சாலை வந்த ஊர்களில் பழைய சாலையை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் ஒப்படைப்பது வழக்கம். அப்படி ஒப்படைக்கப்படும் நாளில் களியக்காவிளையின் வரைபடம் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலியான இடத்தை நிற்கும் வண்டிகள் பிடித்துவிடும். சட்டத் துணையும் வந்துவிட்டது. கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், தடையற்ற நடைபாதை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊனமுற்றோரும் பயன்படுத்தும்படி அது அமைய வேண்டும் என்றும் சொன்னது.

புறவழிச்சாலைக்குக் காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. ஓடை ஸ்லாப்புகளை ஒரே மட்டத்தில் மாற்றிப் போடுவது, தமிழ்நாட்டு பஸ் நிற்கும் இடத்துக்கும் கேரள பஸ் நிற்கும் இடத்துக்கும் இடையே மேல்கூரையோடு தடையில்லாத நடைவழி அமைப்பது, குறுக்கே கடக்கும் இடத்தில் சாலையை நடைபாதையின் உயரத்துக்குத் தூக்கி வண்டியை மெதுவாக்குவது, பள்ளிகளுக்குப் போகும் உள்சாலைகளில் லாரியை அந்த நேரங்களில் நிறுத்துவது ஆகியவற்றுக்கு நிலம் எடுக்க வேண்டாம், ஒரு கடையையும் இடிக்க வேண்டாம். எல்லைக்கு அப்பால் பாறசாலை ரயில் நிலையம் வரை அந்த நடைவழியும் ஒரு சைக்கிள் தடமும் நீள வேண்டுமானால் இரு மாநில நெடுஞ்சாலைத் துறைகளும் ஒரே வரைபடத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லை தாண்டி பஸ் விட இரு மாநிலங்களும் ஏற்கெனவே ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அந்த பஸ்களில் வந்து இறங்குகிறவர்களுக்கு நடைவழி அமைப்பதையும் அதே முறையில் பேசி முடிக்கலாம்.